இடப்பக்கத்துக் குரல்

பாட்டு சார் கையில் எப்போதும் ஓர் இசைக்கவை இருக்கும். அதை முழங்காலில் தட்டி, சுருதி கேட்கும்படி எங்கள் காதருகே கொண்டுவருவார். கண் மட்டும் எங்கள் முகத்தை விட்டு அகலாது, திருடனை விசாரிக்கிற போலீஸ்காரர் மாதிரி. எனக்கு அந்தப் பார்வை அறவே பிடிக்காது.

எண்பதுகளின் தொடக்கம். நான் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். சாருக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. சனிக்கிழமைதோறும் பாசஞ்சரில் வந்து எங்கள் சர்ச் பாடகர் குழுவைப் பழக்குவார். "பாடுததுக்கு வாயவிடக் காதுதான் வேணும். பக்கத்து ஆள் குரல் கேக்கலன்னா நீங்க கத்துதீங்கன்னு அர்த்தம்" என்பார். வாராவாரம் எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்துவார்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது குண்டைத் தூக்கிப் போட்டார். "ஒங்கள்ல ஒருத்தர் சுருதி இறங்குதீங்க. யாருன்னு எனக்குத் தெரியும். பண்டிகைக்குள்ள சரியாகலன்னா அவிய கீழ பெஞ்சில உக்காந்து பாட்டுக் கேக்கலாம்." நான் பாடுவதைக் கேட்கச் சித்தி குடும்பமே ஊரிலிருந்து கிளம்பி வருகிறது. அவர்கள் முன்னால் பெஞ்சில் உட்காருவதா? ஆளுக்கு ஆள் சந்தேகம். என் சந்தேகமெல்லாம் இடப்பக்கம் நின்ற தீப்பெட்டி ஆபீஸ் அக்காமேல்தான். நாளெல்லாம் தீக்குச்சி மருந்து நெடியில் கிடக்கிற தொண்டை எப்படித் தேறும்? என் குரலைத் தணித்துக்கொண்டு அக்காவை வரிக்கு வரி வேவு பார்த்தேன். ஒரு பிசகும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மற்றவர்களும் இதே வேலையைத்தான் செய்திருக்க வேண்டும். பண்டிகை வருவதற்குள் குழு மொத்தமும் ஒரே தொண்டையாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று யாரும் பெஞ்சுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்ததும், "யாரு சார் அது?" என்று கேட்டேன். கவையைச் சட்டைப்பையில் போட்டபடி, "ஒருத்தரும் இல்லம்மா. சந்தேகம் வந்தாத்தான அடுத்த ஆள் பாடுதத நீங்க கேக்குதீங்க" என்று சிரித்தார். பலே கில்லாடி என்று நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது வேறு ஊரில், வேறு குழுவில் பாடுகிறேன். இங்கே சுருதிக்குக் கைபேசியைத் தட்டுகிறார்கள். அந்த ஒலி எழும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். வாராவாரம் எல்லோரையும் இடம் மாற்றியவர், அந்தக் குண்டைப் போட்ட பிறகு அக்காவை மட்டும் என் இடப்பக்கத்திலிருந்து நகர்த்தவே இல்லை. இசைக்கவையையும் என் காதருகேதான் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார்.