ரேடியோ அப்பாவைக் கொன்ற ஞாயிறு

வால்வு சூடேறும்போது எங்கள் ரேடியோவிலிருந்து வெந்த தூசியின் வாசம் வரும். அந்த வாசம் கூடத்தை நிரப்பிய பிறகுதான் குரல் வரும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே 'கோட்டர்ஸ்' குடியிருப்பில் எங்கள் வரிசைக்குப் பன்னிரண்டு வீடுகள், நான்கு ரேடியோக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நான்கிலும் ஒரே குரல்தான் கேட்கும். அது கடைசி வீட்டு மரகதம் அக்காவின் குரல்.

அக்கா வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். வாரம் ஒரு கதையை அவரே எழுதி, அவரே தயாரித்து, அவரே பேசுவார். எல்லாம் அவர் வாழ்க்கையில் நடந்தவை. அந்த வாழ்க்கை எங்கள் நடுவில் நடந்ததால் நாங்களும் அதில் வந்துகொண்டே இருந்தோம். சனிக்கிழமை ஆனால் குழாயடியில் "நாளைக்கு யாரு மாட்டப்போறா?" என்பதே பேச்சு. அக்கா பெயர்களை மாற்றித்தான் சொல்வார். ஆனாலும் பக்கத்து வீட்டு ராசம்மா அத்தை, தன் கோழி கதையில் வந்த வாரம், கோழியின் நிறத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவரோடு சண்டைக்கே போய்விட்டார்.

இந்த எழுபத்து நான்கு வயதில் நான் நிலைகொள்ளாமல் தவிப்பதற்குக் காரணம் அக்காவின் தம்பி மகள் கவிதா. ஷா ஆலமில் வேலை பார்க்கும் அந்தப் பெண், மறைந்துபோன அத்தையின் ஒலிநாடாக்களை விடுமுறை நாட்களில் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மொத்தம் நாற்பத்தொரு சுருள்கள். என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு முறை வானொலியில் பேசினார்; வேறெங்கும் அவர் குரல் பதிவாகவில்லை. அது இந்தச் சுருள்களில் இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்குமா, பாதியில் மின்சாரம் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு அவளை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

அப்பா வானொலியில் பேச நேர்ந்த கதை வேடிக்கையானது. அவருக்குத் தண்டவாளப் பராமரிப்பில் வேலை. எனக்குப் பத்து வயதாகும்போது கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளி ஆண்டு முடியட்டும் என்று அம்மாவும் நானும் பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்க, அவர் மட்டும் அங்கே தங்கி, விடுப்பு கிடைக்கும்போது ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, அக்கா அவருடைய கதையை, பெயரைக்கூட மாற்றாமல் சொன்னார். வானொலிக் குரல் தேர்வுக்கு அக்கா போகவேண்டிய நாளில் வெள்ளம் வந்து சாலைகள் மூழ்கிவிட, அப்பா மேலதிகாரிக்குத் தெரியாமல் அக்காவைக் குடையும் கையுமாக 'டிராலி'யில் உட்காரவைத்து, தண்டவாளத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த கதை. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

முடிவில், "அந்த நல்ல மனிதர் இன்று பிரிக்பீல்ட்ஸில் இல்லை" என்று அக்கா எழுதி வைத்திருந்தாராம். நேரம் முடிகிறது என்று ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டியிருக்கிறார்கள். அவசரத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, "அந்த நல்ல மனிதர் இன்று இல்லை" என்று முடித்துவிட்டார். தொடர்ந்து வயலின். வாராவாரம் வரும் அதே வயலின்தான். அன்று மட்டும் இழவு வீட்டில் கேட்பதுபோல் கேட்டது.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "நேத்து சாயங்காலம்தானே போனாரு" என்றார்.

"ரேடியோவுல தெரியாமயா சொல்லுவாங்க?" என்று ராசம்மா அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ரயில் நிலையத்துத் தொலைபேசியில் கிள்ளான் கிடைக்கவில்லை. அடுத்த ரயிலில் எங்கள் வரிசையே ஏறிவிட்டது. அழுகை வந்துவிடக்கூடாது என்று நான் ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணும் பழக்கம் அன்று பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

கிள்ளான் கோட்டர்ஸில் அப்பா சாரமும் பனியனுமாகக் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"என்னா எல்லாரும்? யாருக்கு என்னாச்சு?"

அம்மா கையிலிருந்த குடையால் அவர் தோளில் ஒன்று வைத்தார். "உசுரோட இருந்துக்கிட்டு இங்க உக்காந்து மீனா கழுவுறீங்க?"

விஷயம் புரிந்து அப்பா சிரித்து முடிப்பதற்குள், காஜாங் ஊரிலிருந்து சித்தப்பா, அவரும் ரேடியோவைக் கேட்டுவிட்டு, ஒரு லோரி நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். பிரிக்பீல்ட்ஸில் வீடு பூட்டியிருந்ததால் நேராக இங்கே வந்துவிட்டாராம். அப்பாவைக் கண்டதும் கையிலிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எனக்குத்தானேடா வாங்கின? கொண்டா" என்று அப்பா அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்று மீன் எட்டு, ஆட்கள் முப்பத்தோரு பேர். குழம்பில் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சமாளித்தார்கள்.

மாலையில் மரகதம் அக்கா அழுதுகொண்டே கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். "தப்பு பண்ணிட்டேண்ணே. நிகழ்ச்சியையே நிறுத்திடுவாங்க போல."

"இதுக்கா அழுவுற? அடுத்த வாரம் நானே வந்து, இருக்கேன்னு சொல்லிட்டுப் போறேன்."

சொன்னபடியே போனார். அடுத்த ஞாயிறு அவர் குரல் ரேடியோவில் கேட்டதும் எங்கள் வரிசை முழுக்க ஒரே கூச்சல், கைத்தட்டல், தகரத்தில் தாளம். அந்த ஆரவாரத்தில் அவர் பேசிய ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. பிறகு கேட்டபோதெல்லாம், "என்னாத்த சொன்னேன், இருக்கேன்னு சொன்னேன்" என்று மழுப்பிவிட்டார்.

அந்த வரிசை இப்போது இல்லை. அங்கே முப்பது மாடிக்குக் கட்டடம் நிற்கிறது. அண்ணாந்து மாடிகளை எண்ணுவதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஒரே குரலுக்குப் பன்னிரண்டு வீடுகள் காதைக் கொடுத்துக் காத்திருந்த ஞாயிறுகளும் போய்விட்டன. ரயிலில் இன்று எல்லாருடைய காதிலும் ஏதோ ஒன்று செருகியிருக்கிறது; யார் எதைக் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

நேற்று கவிதா அழைத்தாள். "அங்கிள், கிடைச்சிருச்சு! ஆனா கொஞ்சம்தான்லா. அதுமேலயே வேற ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. ஒருத்தர் தொண்டையைச் செருமுறாரு, அப்புறம் 'இப்ப பேசலாமா?'ன்னு கேக்குறாரு. அதோட சமையல் நிகழ்ச்சி வந்துடுது."

"அப்பாதாம்மா! அது அப்பாதான்!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கே அனுப்பிடுறேன் அங்கிள். முன்னால இருக்கிற இரைச்சல், அந்தச் செருமல், எல்லாத்தையும் வெட்டிட்டு சுத்தமா அனுப்புறேன்."

"ஐயோ, செருமலை வெட்டிடாதேம்மா!" என்று நான் கத்தினேன். "வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையுறப்ப அவரு அப்படித்தான் செருமுவாரு."