பாட்டை நீட்டியவர்கள்

கொலோன் நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் வாசற்கதவில் மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். கீழ்த்தளத்தில் இருக்கும் மார்க்குஸ் ஒட்டுவது அது. சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், கொஞ்சம் பாட்டுச் சத்தம் கேட்கும், தொந்தரவாக இருந்தால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள், இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, ஓரத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருப்பார். இந்த ஊரில் ரூஹெட்சைட் என்று ஒன்று உண்டு, அமைதி நேரம். அந்த நேரத்தில் சுவரில் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அமைதி நேரம்தான். அந்தச் சீட்டை முதன்முதலில் அகராதி வைத்துப் படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் சடங்கு என்றால் விடியுமுன்பே மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தெருவையே எழுப்பிவிடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் என் அப்பா. அவர் மைக்செட் வைத்திருந்தார்.

எனக்குத் தொந்தரவே இல்லை என்று சொல்வதற்காகத்தான் கீழே போனேன். நான் அப்போது வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அங்கே பேசுவதற்கு வேண்டிய ஜெர்மன் மட்டும்தான் வாயில் வரும். கதவைத் திறந்த மார்க்குஸ் என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். அப்பாவுக்கு ஒலிபெருக்கித் தொழில் என்று சொல்ல நினைத்து, "மைன் ஃபாட்டர் வார் லாவுட்ஷ்பிரெஹர்" என்றேன். என் அப்பாவே ஒரு ஒலிபெருக்கியாக இருந்தார் என்று அதற்குப் பொருள். அவர் சற்று யோசித்துவிட்டு, முகத்தில் இரக்கத்தோடு, தன் அப்பாவும் அப்படித்தான், வீட்டில் எந்நேரமும் கத்திக்கொண்டே இருப்பார் என்றார். அதைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கைப்பேசியில் குழாய் ஸ்பீக்கர் படத்தைக் காட்டிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

மார்க்குஸுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய இசைத்தட்டுகள். அதிலும் யாரும் வாங்காமல் போனவைதான் வேண்டும். எழுபதுகளில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் கறுப்பினப் பாடகர்கள் பாடிய சோல், டிஸ்கோ வகைப் பாட்டுகள். தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பெண், ஊர்க்காரர்கள் நாலு பேர் வாத்தியத்தோடு ஒரே ஒரு பாட்டைப் பதிவுசெய்திருப்பாள். அது விற்காது. அவள் தன் வேலைக்குத் திரும்பிப் போய்விடுவாள். அந்தத் தட்டு எங்கேயோ ஒரு பழைய சாமான் சந்தையில் கிடக்கும். மார்க்குஸ் அதைத் தேடி எடுத்து, கழுவி, கணினியில் ஏற்றி, இப்போதைய நடனத் தளத்துக்கு ஏற்றமாதிரி மறுபடி கோப்பார். ரீ எடிட் என்பார்கள். எல்லா வாத்தியமும் ஓய்ந்து டிரம்ஸும் கைத்தட்டலும் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று அந்தப் பாட்டுகளில் வரும். அதற்குப் பெயர் பிரேக். கொஞ்ச நேரமே வரும் அதை வெட்டி ஒட்டி நீட்டுவதுதான் அவர் கலை. நல்ல இடம் வரும்போது ஏன் அவசரப்பட்டுத் தாண்டிப் போக வேண்டும் என்று கேட்பார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டித் தட்டு கிடக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஆடியில் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தம்பி மாடி எடுப்பதற்காகப் பின்னறையை இடிக்க இருந்தான். அப்பாவின் சாமான்கள் எல்லாம் அந்த அறையில்தான். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு ரெக்கார்டுகள் ஒருபக்கம் அடுக்கியிருக்க, தனியாக ஒரு தகரப்பெட்டியில் காஜா மாமா கொண்டுவந்தவை இருந்தன. கடையநல்லூர் காஜா மாமா அப்பாவோடு சின்ன வயதில் மைக்செட் வேலை பார்த்தவர். பிறகு துபாய்க்குப் போய்ப் பாட்டுக்கடை ஒன்றில் சேர்ந்தார். அங்கே விற்காமல் தேங்கி, கழித்துப்போட்ட இங்கிலீஷ் ரெக்கார்டுகளை, முதல் லீவில் வரும்போது துணிக்கு நடுவில் வைத்து அப்பாவுக்குக் கொண்டுவந்தார். மாமாவுக்கும் அது யார் பாடியது என்று தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அதில் ஒரு சின்ன ரெக்கார்டு மட்டும் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. நான் பிறந்து விவரம் தெரிந்த நாளில் அந்தப் பாட்டு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எல்லாம் ஒலித்தது. மைக்செட் வந்து இறங்கியதும் டெஸ்டிங்குக்கு முதலில் அதைத்தான் அப்பா போடுவார், அதற்கப்புறம்தான் பிள்ளையார் பாட்டு. ஒரு பெண் உருகி உருகி 'கேரி மை லவ்' என்று பாடுவாள். எங்களுக்கு அது 'கரிவலம், கரிவலம்' என்றுதான் கேட்டது. பக்கத்தில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரைச் சுருக்கிக் கரிவலம் என்றுதானே சொல்வோம். பஸ் கண்டக்டரைப் பற்றிய பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். நானும் நம்பினேன்.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படமெடுத்து மார்க்குஸுக்கு அனுப்பினேன். மற்றவற்றுக்கெல்லாம் நல்லது, நல்லது என்று பதில் வந்தது. கரிவலம் பாட்டுக்கு மட்டும் நெடுநேரம் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டார். தான் இதுவரை பார்க்காத, தேடியும் எங்கேயும் பெயர் கிடைக்காத தட்டு அது என்றும், முடிந்தால் அதை மட்டும் ஒருமுறை கேட்கக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார். லேபிளில் பாடகியின் பெயர் இருந்த பகுதி ஈரம்பட்டு உரிந்துபோயிருந்தது. அம்மாவிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அப்பா போனபிறகு அந்த அறைக்குள் அம்மா போனதே இல்லை என்று தம்பி சொல்லியிருந்தான். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், எடுத்துக்கொண்டு போ, இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்றாள். இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். அப்பாவின் பாட்டுப் பைத்தியம் அம்மாவுக்கு எப்போதும் ஒரு பாரமாகத்தான் இருந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, ரெக்கார்டை இரண்டு சேலைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். காஜா மாமா கொண்டுவந்த அதே விதம்.

மார்க்குஸ் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார். ஊசியை வைத்தார். அந்தப் பெண் பாட ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் அவரைப் பார்க்கவில்லை. மற்ற இடமெல்லாம் பழைய ரெக்கார்டுக்கு இருக்கும் இரைச்சல்தான். பிரேக் வரும் இடத்தில் மட்டும் எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று ஒரு சத்தம். மார்க்குஸ் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று விழுந்திருந்தது. யாரோ ஊசியைத் தூக்கித் தூக்கி இதே இடத்தில் வைத்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்றார். உன் அப்பா டிஜேயா என்று கேட்டார். இல்லை, மைக்செட் என்றேன். அவர் அதை வேறொரு தொழில் என்று ஏற்றுக்கொள்ளவில்லை.

கடையநல்லூருக்குப் போன் போட்டேன். காஜா மாமா வயதாகி, ஊரோடு வந்துவிட்டார். அப்பா ஏன் அந்த இடத்தையே மறுபடி மறுபடி போட்டார் என்று கேட்டதும் மறுமுனையில் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் சொன்னார்:

"அத எங்கிட்ட கேக்காத மக்கா. ஒங்கம்மாட்ட கேளு."

கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குள் மார்க்குஸ் தன் ரீ எடிட்டை முடித்து அனுப்பிவிட்டார். அந்தப் பிரேக்கை எடுத்து நீட்டியிருந்தார். டிரம்ஸ், கைத்தட்டல், அடியில் மெதுவாக வந்து சேரும் பேஸ் கிட்டார், மறுபடி டிரம்ஸ். பாடகியின் குரலை முழுக்க எடுத்துவிட்டார். ஆடுகிறவர்களுக்கு அதுதான் வசதி என்றார். அடுப்படியில் நின்று கேட்டேன், என் கால் தானாக ஆடியது. வாட்ஸப்பில் அம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அப்பாவின் பாட்டை எவனோ ஒருவன் வெட்டி ஒட்டியது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குள் ஒரே குடைச்சல். அனுப்பியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"ஏட்டி கோமதி, அந்தப் பொம்பள எங்க?"

எந்தப் பொம்பளை என்றேன்.

"பாடுதவ. அவள ஏன் எடுத்துட்டான்?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில்தான் அப்பாவின் கடை என்பதும் தெரியும். இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் தறிக்கூடம் விட்டுப் பெண்கள் வெளியே வரும் நேரத்துக்கு, அப்பாவுக்குத் தினமும் ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ண வேண்டியிருந்தது. அம்மா தெருவில் கால் வைக்கும்போது டிரம்ஸ் வரும். அவள் கடையைத் தாண்டி, தெருமுனை வரை போகும்வரைக்கும் டிரம்ஸ் மட்டும்தான். தீர்ந்துபோகும் நேரம் அப்பா ஊசியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பார். அம்மா முனை திரும்பியதும் ஊசியைப் போக விடுவார். அப்போதுதான் அந்தப் பெண் பாடுவாள். முனைக்கு அந்தப் பக்கம் நின்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"அவ பாட ஆரம்பிச்சா, நான் போறதப் பாத்துட்டாகன்னு அர்த்தம். போயிட்டு வான்னு சொல்லுத மாதிரி."

கூட வந்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, தெருவுக்கே தெரியும் என்றாள். அந்தத் தெரு அவ்வளவு நீளமில்லையே அம்மா என்றேன். அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

"அவுக பாட்ட நீட்டுனாக. நான் நடைய நீட்டுனேன்."

தங்கள் கல்யாணத்தில் மட்டும் அந்த ரெக்கார்டை அப்பா போடவில்லையாம். கூடவே வந்துவிட்டாயே, இனி எதற்கு என்றாராம். ரெக்கார்டை என்னிடம் சட்டென்று தூக்கிக் கொடுத்ததற்கும் அன்றுதான் காரணம் சொன்னாள். வீட்டிலேயே இருந்தால் ஒருநாள் போட்டுக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, கேட்டால் தாங்குவேனா என்று தெரியவில்லை என்றாள். அங்கே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் போனில் கேட்டது.

"நீ அனுப்புனதக் கேட்டேன் மக்கா. கடேசி வரைக்கும் அவ வரவே இல்ல. அவுக இன்னும் ஊசியத் தூக்கித் தூக்கி வச்சிக்கிட்டே நிக்காகன்னு தோணிட்டு. நானும் நடந்துகிட்டே இருக்கேன். அந்தத் தம்பிட்ட சொல்லி அத முடிச்சு வைக்கச் சொல்லு."

இதை ஜெர்மனில் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. தறிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை, தெருமுனைக்கு ஒரு வார்த்தை என்று தட்டுத் தடுமாறி, மேசையில் விரலால் தெருவை வரைந்து காட்டினேன். முடிந்ததும் மார்க்குஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அம்மா வேகமாக நடப்பவரா? இல்லை என்றேன். கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரம் அவர் கதவைத் தாண்டும்போதெல்லாம் அதே டிரம்ஸ் கேட்டது, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து. வார இறுதியில் வந்த புதிய கோர்வையில், கைத்தட்டல் நெடுந்தூரம் போய், இனி வரமாட்டாள் என்று நினைக்கும் இடத்தில், அந்தப் பெண் வந்தாள். முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். ஊசி விழுந்த இடத்தின் படபடப்பை மார்க்குஸ் அழிக்காமல் விட்டிருந்தார். மற்ற தட்டுகளில் அதை அவர் விட்டுவைப்பதில்லை. பாடகியின் பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்கும்வரை இதை வெளியிடப்போவதில்லை என்கிறார்.

அடுத்த லீவில் ரெக்கார்டைத் திருப்பிக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் நினைத்த அளவுக்கு அவள் பிரியப்படவில்லை. இங்கே வந்தால் பெட்டிக்குள்தானே கிடக்கும், அங்கேயாவது நாலு பேர் கேட்கட்டும், எனக்குப் போனில் இருப்பது போதும் என்றாள். எனக்கும் மார்க்குஸின் அலமாரியில் அது இருப்பதைப் பார்க்க ஒருசமயம் நிம்மதியாகவும், ஒருசமயம் பிறத்தியார் வீட்டில் அப்பாவை விட்டுவைத்ததுபோலவும் இருக்கிறது. என்னைப்போல வெளியூரில் கிடப்பவர்களுக்கு இது புரியும். எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று நம்மால் ஒரு முடிவுக்கு வரவே முடிவதில்லை.

போன சனிக்கிழமை, இங்கே மத்தியானம் சாய்ந்த நேரம், அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. மார்க்குஸ் வீட்டில் நண்பர்கள் கூடியிருந்தார்கள். ஒரே நேரத்தில் கேட்போம் என்று அம்மாவைப் போனில் பிடித்தேன். தம்பி அவளுக்கு ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், மார்க்குஸ் இங்கே போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித்தான் தொடங்கினோம். ஆனாலும் இரண்டும் ஒட்டவில்லை. அம்மாவின் பக்கம் சற்றுப் பிந்தியே வந்தது. அறையில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு காதில் போனை அழுத்திக்கொண்டு கதவோரம் நின்றேன். இந்தக் காதில் அந்தப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள், அம்மா முனை திரும்பிவிட்டாள். போன் வைத்த காதில் கைத்தட்டல் மட்டும்தான், அம்மா இன்னும் கடைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.