வடக்குச் சுவருக்குக் கொடுத்த முட்டு

நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவள். ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கோயில் பள்ளிக்கூடத்து டீச்சராக வந்தேன். என் கணவரும் அங்கேயே வாத்தியார். பள்ளிக்கூடத்தை ஒட்டியே மாதா கோயில். அந்த ஊரின் முதல் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூரைக் கொட்டகையில்தான் பூசை கண்டார்களாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், அவர் இந்து, தன் கிணற்றில் வெட்டியெடுத்த கல்லையெல்லாம் வண்டி கட்டி அனுப்பினாராம். அந்தக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்த கோயில் அது. அஸ்திவாரம் ஆழமில்லை என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை.

வந்த இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, சிறிது நேரத்திலேயே போய்விட்டது. நான் நினைவில்லாமல் கிடந்தேன். என் கணவர் சாமியாரைக் கூப்பிட ஓடியிருந்தார். மருத்துவச்சிக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அப்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. கோயிலின் வடக்குச் சுவரோரம், இரண்டாம் ஜன்னலுக்கு நேராக, என் கணவரே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். சிலுவை இல்லை, கல்லும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நான் அந்தப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போவேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழையில் வடக்குச் சுவர் விரிசல் விட்டது. முதலில் விரல் நுழைந்தது, தை மாதம் உள்ளங்கையே நுழைந்தது. கோயிலைப் பழுதுபார்க்கத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஒரு கொத்தனார் வந்தார். நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஜன்னலுக்குக் கீழே கோடு போட்டார். அங்கே முட்டுச்சுவர் கட்டாவிட்டால் அடுத்த மழைக்குச் சுவர் நிற்காது என்றார்.

நான் சாமியாரிடம் போனேன். அவருக்கு விஷயம் தெரியும். என்னோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியாதா?" என்று கொத்தனாரிடம் கேட்டார்.

"பொளந்திருக்கறது இந்த எடந்தானுங்க சாமி. தள்ளிக் கட்டுனா முட்டுக் குடுத்தும் பிரயோசனமில்லீங்க."

சாமியார் என்னைப் பார்க்காமல் பேசினார். "கல்லறைத் தோட்டத்துக்கு மாத்தலாம்னா எனக்கு அனுமதி இல்லம்மா. நான் என்ன செய்யட்டும்?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோண்டும் நாளன்று என் கணவர் லீவு போட்டார். "நீ அந்தப் பக்கமே வர வேண்டா. ஊட்டுலயே இரு," என்றார். வீட்டில் இருக்க முடியாது என்று பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். அதற்கு மேலாகக் கடப்பாரைச் சத்தம் கேட்டது. திடீரென்று அது நின்றது. நான் எழுந்து போய்விட்டேன்.

குழி இடுப்பளவு இருந்தது. என் கணவர் சுவரைப் பார்த்து நின்றார். கொத்தனார் குழியிலிருந்து ஏறி வந்து தலைத்துண்டை அவிழ்த்தார்.

"ஒண்ணுமே இல்லீங்க டீச்சரம்மா. வெறும் மண்ணுதானுங்க."

உண்மையா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. ஆனால் குழியின் ஒரு மூலை மண்ணை மட்டும் மற்றதோடு கலக்காமல் ஒரு சாக்கின் மேல் தனியாகக் குவித்திருந்தார்.

"இதைய எங்கெ போடட்டுங்க?"

நான் யோசித்தேன். கல்லறைத் தோட்டம் கூடாது. வீடு, பள்ளிக்கூடத்து வீடு, என்றைக்கு வேண்டுமானாலும் காலிசெய்ய வேண்டியது. அம்மாபேட்டையில் அப்பா வீட்டில் மண்தரை என்று ஒரு முழம் கிடையாது. கொத்தனார் காத்து நின்றார். வகுப்பில் பிள்ளைகள் இரைச்சல் போட ஆரம்பித்தார்கள். நான் வகுப்புக்குத் திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் பார்த்தபோது சாக்கு மடித்து வைத்திருந்தது. கல் இறக்கி, சுற்றிலும் மண் தள்ளி, தண்ணீர் விட்டுக் கெட்டித்திருந்தார்கள். எந்த மண் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை.

சுவர் நின்றது. விரிசலைச் சுண்ணாம்பால் அடைத்து வெள்ளையடித்தார்கள். அந்த வருஷத் திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் கோயில் புதுசு மாதிரி இருக்கிறது என்று மெச்சினார்கள். முட்டுச்சுவர் சரிவாக இருந்ததால் என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதில் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். "இறங்குங்கடா!" என்று கத்தினேன்.

"ஏனுங்க டீச்சர்?" என்றாள் ஒருத்தி, மேலே உட்கார்ந்தபடியே.

"விழுந்துடுவீங்க," என்றேன்.

"விழமாட்டமுங்க," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் சறுக்கினாள்.