பந்தக்காலாகிப் போன சவுக்கு

எங்கள் நிலத்து வரப்பில் ஒற்றைச் சவுக்கு நின்றது. இரண்டு ரகம் தானாகக் கலந்து முளைத்த மரம். மற்றதெல்லாம் கோணிக்கொண்டு வளர, அது மட்டும் நூல் பிடித்தாற்போல் உயர்ந்தது. விதை போட்டால் அந்தக் குணம் வராது. அதனால் செஞ்சியில் நான் வேலை பார்த்த திசு வளர்ப்புக் கூடத்துக்கு அதன் துளிரை எடுத்துப் போனேன்.

நைனாவுக்கு நம்பிக்கையில்லை. "இத்தினியூண்டுலருந்து இன்னாம்மா மரம் வரும்?"

"நகத்தளவு இருந்தா போதும் நைனா. பாட்டில்லயே எத்தினி வேணும்னாலும் பண்ணிடுவேன்," என்று பீற்றிக்கொண்டேன்.

துளிர் மாதக்கணக்கில் பிடிவாதம் பிடித்துவிட்டு, பாட்டில்களில் சத்துக் கூழின்மேல் பச்சை ஊசிகளாக வளர்ந்தது. நைனாவை அழைத்துக் காட்டினேன். அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்து, சந்நிதியில் நிற்பவர்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

பிறகு என் கல்யாணம் வந்தது. வாசலில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி நட்ட பந்தக்காலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது எந்த மரமென்று.

"உனக்குன்னா நல்ல மரமாத்தான வெட்டணும்? அதான் பாட்டில்ல அத்தினி வச்சினுக்கிறியே," என்றார் நைனா. முகமெல்லாம் பூரிப்பு. வேரையும் தோண்டி, கிளைகளோடு விருந்துச் சமையலுக்கு விறகாகப் போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பாட்டில்கள்தான் இருக்கின்றனவே என்று தேற்றிக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து போனால், கூடத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூஞ்சை புகுந்துவிட்டது. ஒரு பாட்டிலில் வந்தால் அடுக்கு முழுக்கப் பரவும் சனியன். பஞ்சு அடைத்தாற்போல் வெளுத்துக் கிடந்த அத்தனையையும் அவித்துக் கொட்டினோம். வேறு மரங்களின் துளிர் எத்தனையோ வரும். அந்த ஒன்று இனி எங்கும் இல்லை.

போனில் சொன்னேன். "அப்டியா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கூடத்து வாசலில் அவருடைய மொபெட் நின்றது. பக்கவாட்டில் பந்தக்கால் கட்டியிருந்தது. நல்ல நாள் பார்க்காமல் அதைத் தொடக்கூட விடாதவர், தானே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மரம் காய்ந்து வெடித்திருந்தது. மஞ்சள் மட்டும் இன்னும் போகவில்லை.

"நகத்தளவு போதும்னியேம்மா. எங்கனா பச்சை இருக்குதா, பாரு."

கத்தியை எடுத்துவந்து அடியிலிருந்து சீவினேன். முதல் சீவலிலேயே தெரிந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நுனிவரை சீவிக்கொண்டு போனேன்.