மூடியில் எழுதியிருந்த நம்பர்

எனக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. பட்டாளத்தில் தோட்டா வைக்கிற இரும்புப் பெட்டி. எதற்கு என்று கேட்டவர்களிடம் ஆளுக்கொரு பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். இப்போது சொல்கிறேன், யாரும் சிரிக்கப் போவதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர் கையடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கூடவே ஜியோகேச்சிங் என்கிற பைத்தியத்தையும் பிடிக்க வைத்துவிட்டுப் போனார். விளையாட்டு இதுதான்: ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். அது இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட வேண்டும். முன்பின் தெரியாத யாரோ கருவியோடு தேடி வந்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பணம் கிடையாது. உலகத்து மனிதர்கள் என் நோட்டில் கையெழுத்துப் போட வரப்போகிறார்கள் என்று நான் நம்பினேன். வீட்டில் மின்விசிறி ரிப்பேராகிக் கிடந்ததைப் பார்க்காத கண், ஆத்தூர் அணைப்பக்கம் எந்தப் பாறைக்கடியில் பொந்து இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு திரிந்தது.

முதலில் ஐஸ்கிரீம் டப்பா வைத்தேன். வெயிலில் மூடி நெளிந்துவிட்டது. பிஸ்கட் டின் வைத்தேன். ஐப்பசி மழையில் துருவேறி, நோட்டு களி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதாக வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் குரங்கு கடித்துப் பார்த்துவிட்டு எறிந்திருந்தது. இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: பட்டாளத்துத் தோட்டாப் பெட்டிதான் சரி, மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும், தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே சொட்டு ஈரம் போகாது, பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். அவர்கள் ஊரில் கிடைக்கும். பட்டாளம் கழித்துப் போட்ட சாமானை விற்கவே தனிக் கடை வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் பழைய இரும்புக் கடைதான் உண்டு. நான்கைந்து கடை ஏறி இறங்கினேன். ஒருவர், போன மாதம்தான் நாலு வந்தது, உருக்குக்கு ஏற்றி அனுப்பிவிட்டேன் என்றார். அடுத்தவர் என் அவசரத்தைப் பார்த்ததும், வராத பெட்டிக்கே விலை சொல்ல ஆரம்பித்தார். மதுரைக்குப் போனேன். அங்கே பச்சை டிரங்குப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். அதற்குள் நானே உட்கார்ந்து மூடிக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாமா என்று விசாரித்தால், பெட்டியைவிடக் கப்பல் கூலி நான்கு மடங்கு. வாட்ச்மேன் வேலை பார்த்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர்தான் கடைசியில் வழி சொன்னார். அகரத்தில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் அப்படிப்பட்ட பெட்டி ஒன்று உண்டு என்றார்.

டவுன் பஸ்ஸில் அகரம் போய் இறங்கினேன். ஓட்டு வீடு, மண் சுவர், பக்கத்தில் கத்தரித் தோட்டம். ஹவில்தாருக்கு எழுபது வயதிருக்கும். மீசையை மட்டும் இன்னும் பட்டாளத்தில் வைத்திருந்தார். பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. இணையத்தில் படித்த அதே பெட்டி. பச்சை நிறம், பக்கத்தில் மஞ்சள் எழுத்து, இழுத்து அமுக்கினால் டப்பென்று மூடிக்கொள்ளும் தாழ். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில், அவர் கையாலேயே எழுதிய பட்டாள நம்பர்.

பணம் தருகிறேன் என்றதும் அவருக்கு முகம் சுண்டிவிட்டது. சரி, இது பணத்துக்கு மசிகிற ஆளில்லை என்று புரிந்துகொண்டேன். அவர் சொல்ல ஆசைப்பட்ட கதைகளைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை என்பதும் புரிந்தது. மூன்று மத்தியானம் போய் உட்கார்ந்தேன். பனியில் கால்விரல் கறுத்த கதை, ரேடியோ பெட்டியைத் தலையில் சுமந்து ஆற்றைத் தாண்டிய கதை, எல்லாவற்றுக்கும் வாயைப் பிளந்தேன். வருகிறபோதும் போகிறபோதும் விறைப்பாக ஒரு சல்யூட் வேறு. மூன்றாம் நாள் அவராகவே பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார். விலையில்லாமல் கிடைத்த பெருமை எனக்கு. ஒரு மனிதரின் தனிமையைக் காசாக்கி வாங்கினேன் என்று அப்போது தோன்றவில்லை.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். அதுவரை என்னிடம் அதிகம் பேசாதவர்.

"அதுக்குள்ளதான்ப்பு எங்க காயிதமெல்லாம் கெடக்கு. இந்தச் செவுத்துல கரையான் ஒண்ணையும் நிக்க விடாது. அதக் குடுத்துட்டு எதுல வைக்கிறது?"

ஹவில்தார் எரிந்து விழுந்தார். ஒரு ஆம்பிளைப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது, உனக்குக் காகிதம் பெரிதாகப் போய்விட்டதா என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். என் பதிலில்தான் எல்லாம் இருந்தது. வேண்டாம் அம்மா, உங்களுக்கே இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"அடுத்த வாரமே நல்ல தகரப் பெட்டி ஒண்ணு கொண்டாந்து தாரேன்மா" என்றேன்.

அந்த அம்மா காகிதங்களை வெளியே எடுத்தார். பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு போட்டோ. எல்லாவற்றையும் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் போட்டுச் சுருட்டி, சுவரை ஒட்டின பரணில் வைத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஏன் என்று யோசித்தால் இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. என் கடை ஜன்னலுக்கு நேர் கீழே அந்த பஸ் நிற்கும். கண்டக்டர் ஊர் பேரைக் கூவுவது கம்ப்யூட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தகரப் பெட்டி விற்கிற கடை எதிர்ச் சாரியில் இருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால் போகவில்லை. அம்புட்டுத்தான் காரணம்.

பெட்டியை அலங்கரிக்க மட்டும் நேரம் இருந்தது. மறைத்து வைக்கிற பெட்டியில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியக்கூடாது என்று, உப்புத்தாள் வாங்கி மூடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து தேய்த்தேன். ஹவில்தாரின் பெயின்டு லேசில் போகவில்லை. தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்து, மேலே பச்சையும் மண் நிறமும் அடித்தேன். உள்ளே ஒரு புது நோட்டு, ஒரு பென்சில். பிறகு, திண்டுக்கல்காரன் புத்தி, கொண்டியில் ஒரு பூட்டைப் போட்டேன். ஊரில் கோழிக்கூட்டுக்குக்கூட மாங்காய்ப் பூட்டுப் போடுகிறவர்கள் நாங்கள். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த பெட்டியைச் சும்மா விட்டுவிட்டு வர மனம் வருமா? ஆத்தூர் அணைப்பக்கம் ஒரு பாறைப் பொந்தில் அதைச் செருகிவிட்டு வந்தேன். சாவி வேண்டுவோர் கீழ்க்கண்ட எண்ணில் கூப்பிட்டு, பேருந்து நிலையம் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று இணையத்தில் எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகை, அதற்குக் கீழே கடை டெலிபோன் நம்பர்.

மொத்தத்தில் ஒரே ஒரு ஆள் வந்தான். பெங்களூருக்காரன், கொடைக்கானல் போகிற வழியில் இறங்கித் தேடியிருக்கிறான். பெட்டி கிடைத்தது, பூட்டியிருக்கிறது, சாவிக்கு இரண்டு மணி நேரம் போன் செய்தேன், லைன் கிடைக்கவே இல்லை, வைத்தவருக்கு விளையாட்டு புரியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனான். லைன் எப்படிக் கிடைக்கும்? அந்த ஒரே லைனில்தான் ஆறு கம்ப்யூட்டரும் இணையத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் படித்ததும் எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. பூட்டைக் கழற்றிவிடப் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை, ரோஷம். பிறகு விளையாட்டே சலித்துப் போயிற்று. கருவியை மேசை டிராயரில் போட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், அந்த அம்மா என் கடைப் படியேறி வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. ஹவில்தார் போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டாராம். எனக்குச் சொல்ல ஆளில்லை, சொல்லியிருந்தால் போயிருப்பேனா என்பதும் சந்தேகம். கையில் அதே மஞ்சள் பை. பிரித்து மேசையில் கொட்டினார். காகிதம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மண்ணும், சல்லடையாகப் போன பழுப்புத் துண்டுகளும். போட்டோவில் அவர் முகம் மட்டும் பாதி மிச்சம் இருந்தது, ஹவில்தாரைக் கரையான் முழுதாகத் தின்றுவிட்டது.

அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மனைவிக்கு வர வேண்டிய பென்ஷன் வராமல் ஏழு மாதம் ஆகிறது. இவர்தான் மனைவி என்பதற்கு எழுத்து அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மட்டும் இருந்தது. நகல் கேட்டு எழுதினால், அப்படி ஒரு ஆளே பட்டாளத்தில் இல்லை என்று பதில் வருகிறது. வங்கிப் பேரேட்டில் அவர் பட்டாள நம்பர் ஓர் இலக்கம் தப்பாக ஏறியிருக்கிறது. எந்த இலக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிழைப்புக்கு அடுத்தவர் தோட்டத்தில் விடியற்காலை மல்லிகை பறிக்கப் போய்க்கொண்டிருக்கிறார். என் மேல் பழி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, வாயில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பழி சொல்லவில்லை.

"அந்தப் பொட்டி மூடியில நம்பர எழுதியிருந்தாருல்ல. அதப் பாத்து மட்டும் சொல்லிரு அப்பு. அது போதும்னு ஆபீசுல சொல்றாக."

பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். உப்புத்தாள் பிடித்த கை இது. மூடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் ஆத்தூர் போனேன். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பூட்டு துருவேறி, எண்ணெய் விட்டு அரை மணி நேரம் போராடிய பிறகுதான் திறந்தது. மூடியில் பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். தின்னர் தடவிப் பார்த்தேன். கீழே வெறும் தகரம். எந்த இலக்கத்தின் வாலும் கிடைக்கவில்லை. உள்ளே நோட்டு அன்று வாங்கிய மாதிரியே மொடமொடவென்று இருந்தது. மூன்று மழைக்காலம் போயிருக்கிறது, ஒரு பொட்டு ஈரம் இல்லை, ஒரு பூச்சி இல்லை. இணையத்தில் எழுதினவர்கள் சொன்னது அத்தனையும் சத்தியம்.

சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. திருடவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை, எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது? கோபத்தை, சின்னச் சின்னப் பொய்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு, இதை மட்டும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு அவருக்காக நான் டைப் அடித்த மனுக்களுக்குக் கணக்கில்லை. பென்ஷன் வந்து சேர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அதுவும் என் மனுவால் வரவில்லை. ஹவில்தாரோடு வேலை பார்த்த ஒருவரைத் தேனிப் பக்கம் கண்டுபிடித்து, அவர் வைத்திருந்த ஒரு பழைய தாளிலிருந்து நம்பர் கிடைத்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்ததும் அந்த அம்மாதான், கருவி எதுவும் இல்லாமல்.

ஆனால் எனக்கு மறக்காதது பெட்டியைத் திருப்பிக் கொடுத்த நாள்தான். அகரத்தில் அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மூடியைத் தேய்த்ததைச் சொன்னேன். அவர் சுரண்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் தாழை இழுத்துத் திறந்தார். பழக்கப்பட்ட கை, ஒரே இழுப்பில் திறந்தது. உள்ளே இருந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கம். கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் புரட்டினார்.

"எழுதாத நோட்டா அப்பு?"

ஆமாம் என்றேன்.

அவர் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கி, அந்தப் பழுப்புத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பெட்டிக்குள் போட்டு, அமுக்கி மூடினார்.