தண்ணி போறதே

ஜெரூஷாவுக்குப் பகலெல்லாம் திட்டு வாங்குகிற வேலை. பெருங்குடியில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நெட் வரவில்லை என்ற ஒரே விஷயத்தைச் சாயங்காலம் வரைக்கும் விதவிதமான ஆட்கள் விதவிதமான சூட்டில் சொல்வார்கள். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் தூக்கம் கெட்டு, முடி கொட்டி, வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். ஜெரூஷா மட்டும் அசையவில்லை. காரணம், அவள் வார்த்தைகளைக் கேட்பதில்லை, மெட்டைத்தான் கேட்பாள். கோபம் ஏற ஏற ஒரு ஆளின் குரல் எங்கே தொடங்கி எங்கே போய் முட்டுகிறது, 'உன் மேனேஜரைக் கூப்பிடு' என்பதற்கு முன்னால் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறார் என்பதெல்லாம் அவள் காதில் தனியாகப் பிரிந்து விழும். வேளச்சேரியில் பஸ் ஏறியதும் நின்றபடியே அதைப் போனில் முனகிப் பதிந்துகொள்வாள். பக்கத்தில் நிற்கும் பெண்கள் கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

இப்படித்தான் அவளுடைய பாட்டுகள் எல்லாம் பிறந்தன. லைனில் காத்திருந்து காத்திருந்து கடைசியில் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்ட ஒரு அம்மாவைப் பற்றி ஒன்று. கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோவில் அடுத்தவர் முழங்கால் மேல் தன் முழங்காலை வைத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒன்று. சினிமாவுக்கு எழுதுவதில்லை, மியூசிக் கம்பெனிக்குப் பாடுவதில்லை, தானே எழுதி, தானே பாடி, தானே இணையத்தில் போட்டுவிடுவாள். தன்னை இண்டிபெண்டன்ட் மியூசிஷியன் என்று சொல்லிக்கொள்வாள். சர்ச்சில் யாராவது விசாரித்தால் அவள் அம்மா சாராள், "கம்பெனில இருக்குது. லீவு நாள்ல பாட்டு மாதிரி ஒண்ணு பண்ணுது" என்பாள்.

இந்தப் பாட்டு மாதிரி ஒன்றுக்குத் தாளம் போடுகிறவன் பென்னி. சின்ன வயதில் சர்ச் கொயரில் கூட நின்று பாடியவன். பெரும்பாக்கத்தில் வீடு, ஏசி மெக்கானிக் தொழில். ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெட்டியையே தட்டி வாசிப்பான். அதை அவனே செய்தான். உள்ளே யாரோ தூக்கிப்போட்ட ஏசியின் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடியில் அம்மாவும் பெண்ணும் மேல் மாடியில் குடியிருந்தார்கள். தரைத்தளத்தில் யக்ஞநாராயணன். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் யாராவது ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள், போட்டதோடு மறந்துபோவார்கள். மேலே தொட்டி நிரம்பி வழிந்து, குழாய் வழியாகப் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் சளசளவென்று கொட்டும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் யக்ஞநாராயணன் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, தலையைத் தூக்கி, "மோட்டாரை யாரு போட்டது? தண்ணி போறதே..." என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தப் 'போறதே' அடிவயிற்றில் கிளம்பி, இரண்டாம் மாடியில் ஒரு சுற்று சுற்றி, மொட்டை மாடிக் கதவில் போய் இடித்துவிட்டு, மெதுவாக இறங்கி வரும்.

ஜெரூஷா அதைப் பல வருஷம் தலையணைக்கு அடியிலிருந்து கேட்டவள். ஒரு நாள் போனைப் படிக்கட்டுத் துளசித் தொட்டியில் ஒளித்து வைத்துப் பதிந்துவிட்டாள். பென்னியின் பெட்டித் தாளத்தோடு அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நடுநடுவே தான் பாடி, 'தண்ணி போறதே' என்று பேர் வைத்துப் போட்டாள். அவள் பாட்டுகளை வழக்கமாகக் கேட்பவர்கள் அவளுடைய சித்தி பிள்ளைகள்தான். இந்தப் பாட்டு போட்ட நேரம் மழைக்காலம். பள்ளிக்கரணையில் யாரோ தங்கள் கார் மிதந்து போவதை வீடியோ எடுத்து, அதற்குப் பின்னணியாக இதைப் போட்டார்கள். பிறகு முடிச்சூரில் ஒருவர், நன்மங்கலத்தில் ஒருவர். தெருவில் எங்கெல்லாம் தண்ணீர் நின்றதோ அங்கெல்லாம் யக்ஞநாராயணன் கத்தினார். அவருக்கு மட்டும் அது தெரியாது. அவர் போன் வைத்திருப்பது பஞ்சாங்கம் பார்ப்பதற்கும், டாலஸில் இருக்கும் மகள் சின்மயியோடு பேசுவதற்கும்தான்.

பாட்டு கொஞ்சம் ஓடியதும், தாம்பரம் சானடோரியத்திலிருந்து பாட்காஸ்ட் நடத்தும் ப்ரியா என்ற பெண் பேட்டி எடுக்க வந்தாள். எக்கோ வரக்கூடாது என்று ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வியர்வையில் உட்கார்ந்தார்கள்.

"உங்க இன்ஸ்பிரேஷன்ஸ் என்னென்ன?" என்று கேட்டாள் ப்ரியா.

ஜெரூஷா இதற்கு முதல் நாளே தயாராகியிருந்தாள். "மழை," என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, "கடல். அப்புறம் தனிமை."

சமையலறையிலிருந்து சாராள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "கடலா? மெரினாவுக்குப் போலாம்னு கூப்டா மணல் ஒட்டுதுன்னு வர மாட்டா. தனிமையாம். ராத்திரி பாத்ரூம் போறதுக்கு என்னை எழுப்புறா."

ஜெரூஷா அதைச் சமாளித்து நிமிர்வதற்குள் கீழே இருந்து, கம்பளியைத் துளைத்துக்கொண்டு, "தண்ணி போறதே..." என்று வந்தது. ப்ரியாவின் வாய் திறந்தபடி நின்றது. "இது அந்த வாய்ஸ் இல்ல?"

இனி மறைத்துப் பயனில்லை. கீழ் வீட்டு அங்கிள்தான் என்று ஜெரூஷா ஒப்புக்கொண்டாள். திட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு ராகம் உண்டு, அங்கிளுடையதுதான் இந்தப் பக்கத்திலேயே சுத்தமானது என்று சொல்ல ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் முக்கால் மணி நேரம் பேசினாள். அடுத்து எங்கே பாடப்போகிறீர்கள் என்றதற்கு, "செம்பாக்கத்துல ஒரு பேக்கரி மாடில இந்தச் சனிக்கிழம. அடுத்த மாசம் சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு ரிசப்ஷன். அதுக்கப்புறம் யாராவது கூப்டா உண்டு" என்றாள். கடைசியில், "அந்த அங்கிள் மேட்டர மட்டும் கட் பண்ணிருங்க, ப்ளீஸ்" என்று கேட்டுக்கொண்டாள். ப்ரியா தலையாட்டிவிட்டுப் போனாள். வெளியானபோது மழை, கடல், தனிமை மூன்றும் கட் ஆகியிருந்தன. அங்கிள் முழுசாக இருந்தார்.

டாலஸில் சின்மயி அதைக் கேட்டு அப்பாவுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை யக்ஞநாராயணன் இஸ்திரி போட்ட சட்டையில் மேல் மாடிக்கு ஏறி வந்தார். சாராள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஜெரூஷாவுக்கு எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது என்ற யோசனை வந்துவிட்டது. தாளம் பழகுவதற்காக வந்திருந்த பென்னி தன் பெட்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"பாட்டைக் கேட்டேன்," என்றார்.

"சாரி அங்கிள். எடுத்துடறேன்."

"எதுக்கு எடுக்கணும்? நான் அதுக்கு வரலை." ஜன்னலைப் பார்த்தார். "நான் கச்சேரிக்குப் போனா பாடறவரோட சேர்ந்து மெதுவாப் பாடுவேன். பக்கத்துல இருக்கறவா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவா. என் ஆத்துக்காரியே அப்படிப் போயிருக்கா. சுத்தமான சுருதின்னு என்னை ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "விஷயம் என்னன்னா, நீ பதிஞ்ச அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். குரல் கட்டியிருந்தது. அதோட, பாட்டு முழுக்க ஒரே கத்தலைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கே. நான் அப்படிக் கத்தறவன் இல்லை. முதல்ல விசாரிப்பேன். அப்புறம்தான் கோபம். கடைசில ஒரு வருத்தம் இருக்கும். அந்த வருத்தம் பாட்டுலயே வரலை. புதுசாப் பாடித் தரேன், பதிஞ்சுக்கோ."

உடனே மைக்கைப் போட்டார்கள். யக்ஞநாராயணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மைக்குக்கு மரியாதையான தூரத்தில் நின்று, "மோட்டாரை யார் போட்டது? தண்ணீர் போகிறது," என்றார்.

பென்னி பெட்டியிலிருந்து கையை எடுத்தான். "சார், நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது. கொஞ்சம் கோவமா."

மறுபடி சொன்னார். இந்த முறை செய்தியோடு கொஞ்சம் வானிலையும் சேர்ந்த மாதிரி இருந்தது. எத்தனை தடவை சொன்னாலும் வரவில்லை. தொட்டி வழியாமல் எப்படிக் கோபப்படுவது என்று அவருக்கே விளங்கவில்லை. முகம் வாடிப்போய், "பழசே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போனதும் ஜெரூஷாவுக்கு என்னவோ போலிருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

சனிக்கிழமை பேக்கரி மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதி நாற்காலிக்குப் பாட்டு கேட்கவும், மீதிக்குப் பஃப்ஸ் சாப்பிடவும் ஆள் வந்திருந்தது. யக்ஞநாராயணன் முதல் வரிசையில், பக்கத்தில் பட்டுப் புடவையில் மனைவி திரிபுரசுந்தரி. ஜெரூஷா கிதாரோடு ஷேர் ஆட்டோ பாட்டைப் பாடினாள், காத்திருக்கும் அம்மாவின் பாட்டைப் பாடினாள். எல்லாரும் மரியாதையாகக் கை தட்டிவிட்டு, மோட்டார் பாட்டுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவரது குரல் இருந்த லேப்டாப்பை அவள் தட்டினாள். அது, தான் இப்போது புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும், தன்னை அணைக்க வேண்டாம் என்றும் நீலத் திரையில் சொல்லியது.

"கொஞ்சம் டைம் குடுங்க," என்றாள் மைக்கில். வேலையில் தினமும் சொல்லும் அதே குரலில். பின்வரிசையில் ஒருவர், "நாங்க எவ்ளோ நேரம் வெயிட் பண்றது?" என்றார். அவள் தன்னையறியாமல், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுவிட்டாள்.

பென்னி அவள் பக்கம் குனிந்தான். "அதான் ஒரிஜினல் ஆளே முன்னால குந்திகினு கீறாரே. அவரையே மைக்காண்ட இட்டுகினு வா."

"வரலன்னா பாவம்டா அவரு."

அதற்குள் யக்ஞநாராயணனே எழுந்துவிட்டார். திரிபுரசுந்தரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கொஞ்சம் பின்னால் வந்தது, ஆள் முன்னால் போனார். மைக் முன்னால் நின்று, "அனைவருக்கும் வணக்கம்" என்றார். ஜெரூஷா கிதாரைத் தொடங்கினாள், பென்னி தட்டினான், குரல் வர வேண்டிய இடம் வந்தது. யக்ஞநாராயணன் கையைக் கட்டிக்கொண்டு, "மோட்டாரை யார் போட்டது?" என்று சபையைப் பார்த்துப் பணிவாகக் கேட்டார். சபைக்குத் தெரியவில்லை. ஒருவர் பஃப்ஸ் கடிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. அவர் கண்ணில் ஒரு பயம் வந்ததை ஜெரூஷா பார்த்தாள். கிதாரை நிறுத்தாமல் அதே இரண்டு சுரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தாளம் மட்டும் நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால் பெட்டியில் பென்னி இல்லை. ஓரத்தில் மாடி கழுவ வைத்திருந்த தகர வாளியை நிற்க வைத்து, அதில் குடிதண்ணீர் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் தன் மைக்கை வாளியின் விளிம்புக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தான். வாளி நிரம்பியது. வழிந்தது. சளசளவென்று அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் மாடி முழுக்கப் பரவியது.

யக்ஞநாராயணனின் கட்டிய கை பிரிந்தது. கழுத்து தானாக மேலே நிமிர்ந்தது.

"மோட்டாரை யாரு போட்டது? தண்ணி போறதே..."

செம்பாக்கம் அதைக் கேட்டது. ஜெரூஷாவின் விரல்கள் ஓடிப்போய் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டன. திரிபுரசுந்தரி முதல் வரிசையிலிருந்து, "நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்" என்று பழக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு லுங்கியோடு ஓடி வந்த ஒருவர், தன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குழப்பத்தோடு இந்தப் பக்கம் பார்த்தார். யக்ஞநாராயணனோ யாரையும் பார்க்கவில்லை. முதலில் விசாரித்தார், பிறகு கோபப்பட்டார், கேனில் கடைசிச் சொட்டு விழுகிற நேரத்தில் அவர் சொன்ன அந்த வருத்தமும் வந்தது. அந்த இடத்தில் ஜெரூஷா தான் பாட வேண்டியதைப் பாடாமல் விட்டுவிட்டாள். பிடித்திருந்த போன்களில் பல தாழ்ந்து, ஆட்கள் நேராகவே பார்த்தார்கள்.

இறங்கி வந்தவரிடம் திரிபுரசுந்தரி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நன்னா இருந்தது," என்றாள். "ஆத்துல கத்தறதைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்."

அதற்குப் பிறகு கட்டடத்தில் ஒரு தொல்லை ஆரம்பித்தது. யக்ஞநாராயணன் காலைக் குரலை அக்கறையாகக் கொடுக்க ஆரம்பித்தார். 'போறதே'யை எங்கெங்கோ இழுத்து, குழைத்து, இறக்கினார். மாடிப்படியில் எல்லாரும் நின்று ரசித்துக் கேட்டார்களே தவிர, யாரும் மோட்டாரை அணைக்கவில்லை. தொட்டி அது பாட்டுக்கு வழிந்தது. கடைசியில் சங்கம் கூடி, தொட்டி நிரம்பினால் தானே நின்றுவிடும் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டியது. செயலாளர் என்ற முறையில் அதற்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் ரிசப்ஷன் நாளன்று மூன்று பேரும் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்தார்கள். யக்ஞநாராயணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொண்டைக்குச் சுக்குப் பால் இருந்த ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். பென்னி தன் மரப்பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினான். வண்டலூர் தாண்டியதும் அவர், "ஏம்பா பென்னி, கல்யாண வீடு. வாளி கொண்டு வந்திருக்கியோ?" என்று கேட்டார்.

"மாப்ள வூட்ல சொல்லி வச்சிட்டேன் சார். எவர்சில்வர் அண்டாவே தர்றாங்களாம்."

யக்ஞநாராயணன் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் சுக்குப் பால் குடித்தார். பிறகு ஜெரூஷாவின் பக்கம் திரும்பி, "அண்டான்னா சத்தம் கனமா இருக்கும். நீ சுருதியை அரைக்கட்டை கீழே வச்சுக்கோ" என்றார். அவள் கிதார் உறையைத் திறந்து, ரயில் இரைச்சலில் காதை வைத்துக் கம்பியைத் தளர்த்த ஆரம்பித்தாள்.