காயப்போட்ட துணியும் என் மழை நோட்டும்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பொட்டலில் தொழிலாளி ஒருவர் பேண்டேஜ் துணி காயப்போடுவார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கூசிக் கூசிச் சுருங்கிய கண்கள். விரிக்குமுன் ஒருமுறை மேற்கே மலையைப் பார்ப்பார்.

பதினோரு வருடமாக நான் தினமும் மழை பெய்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வருவது அவருக்குத் தெரியும். ஆடியில் ஒருநாள் காலை, மலையில் மேகம் இறங்கியிருந்தது.

“மழை வருமா சார்? சேறு பட்டா மொதலாளி துணிய எடுக்க மாட்டாரு. என் வேலை போயிரும்.”

நோட்டைப் புரட்டினேன். “இந்தத் தேதியில ஒரு வருஷம்கூடப் பெய்யல. தைரியமா விரிங்க.”

விரித்தார். பதினொன்றரைக்குக் கொட்டியது. நானும் ஓடிப்போய்ச் சுருட்டினேன். பாதித் துணி சேறாகிவிட்டது.

“மழை ஒங்க நோட்டப் படிக்கல போல சார்,” என்றார், கோபமே இல்லாமல்.

முதலாளி திட்டியதோடு விட்டுவிட்டார். துணி காயப்போடுபவர் இப்போதும் தினமும் என் வாசலில் நின்று, “நோட்டு என்ன சொல்லுது சார்?” என்று கேட்கிறார். நான் மழை உண்டு என்றால் நிம்மதியாக விரிக்கிறார். இல்லை என்றால் தார்ப்பாயைக் கையோடு கொண்டுபோகிறார். அதன்பின் துணி ஒருநாளும் நனையவில்லை. அதையும் தேதியோடு குறித்திருக்கிறேன். அவர் என் நோட்டை நம்புகிறாரா, இல்லையா என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.